எஸ்ஆர்டி 5.2.1: இலவச விதிப்புத்தகத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் ஆட்டத்தின் விதிகளை வைத்துச் சொந்தமாக ஒரு ஆட்டம் எழுத நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்கிற இடம் எஸ்ஆர்டி என்கிற இந்த பிடிஎஃப்தான். முழுப்பெயர் சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட். அந்த ஆட்டத்தை வெளியிடுகிற விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஐந்தாம் பதிப்பின் விதிகளை 2025 ஏப்ரலில் 5.2 என்று வெளியிட்டது, அப்புறம் சீக்கிரமே திருத்தங்களோடு 5.2.1 வந்தது. 360 பக்கத்துக்கு மேல், பைசா செலவில்லை, கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி-பை 4.0 உரிமம், அதாவது எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம். இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்கு விமர்சனம் என்று நினைக்கலாம். ஆனால் இதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மாதக்கணக்கான உழைப்பை இதன் மேல்தான் கட்டப்போகிறீர்கள், அதனால் காசு கொடுத்து வாங்குகிற புத்தகத்தைவிட இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமமாகப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மார்க். ஆட்டத்தின் விதிகளை வடிவமைக்கிறவருக்கு உதவுகிற பொருளாகப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "திறந்த உரிமம் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் செய்யலாம்" என்று ஒரு கூட்டமும் "இது வெறும் கண்துடைப்பு" என்று இன்னொரு கூட்டமும் கத்திக்கொண்டிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், 12 கிளாஸ்களும் (பாத்திரத்தின் தொழில் வகை) 1 முதல் 20 லெவல் வரை முழுசாக இருக்கின்றன. 9 ஸ்பீஷீஸ் (பாத்திரத்தின் இனம்), முன்னூறுக்கு மேல் மந்திரங்கள், நூற்றுக்கணக்கில் அரக்கர்கள், மந்திரப் பொருட்கள், சண்டை விதிகள், 2024 பதிப்பில் புதிதாக வந்த வெப்பன் மாஸ்டரி என்கிற ஆயுதத் திறமை விதிகூட இருக்கிறது. வேறு எந்தப் புத்தகமும் வாங்காமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு நண்பர்களோடு ஒரு நீண்ட ஆட்டத்தையே நடத்திவிடலாம், அது பொய்யில்லை. படங்கள் கிடையாது. இரண்டு பத்தியாக அச்சுக்கோர்த்த வறண்ட பக்கங்கள். அட்டவணைகளை அங்கிருந்து நகல் எடுத்து உங்கள் கோப்பில் ஒட்டினால் வரிகள் கன்னாபின்னாவென்று கலைந்துபோகும். மற்றவர்கள் எடுத்துத் திருத்துவதற்காகவே கொடுக்கிற ஆவணத்தை பிடிஎஃப் ஆக மட்டும் கொடுப்பது என்ன யோசனையோ தெரியவில்லை. ஆர்வலர்கள் எளிய உரை வடிவத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள், அதை எடுத்து வேலை செய்வதுதான் நிம்மதி.

இப்போது இல்லாதவை. காசு கொடுத்து வாங்குகிற 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒவ்வொரு கிளாஸுக்கும் நான்கு சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு), மொத்தம் 48. எஸ்ஆர்டியில் கிளாஸுக்கு ஒன்றுதான். ஃபைட்டருக்கு சாம்பியன், ரோகுக்கு தீஃப், கிளெரிக்குக்கு லைஃப், வார்லாக்குக்கு ஃபீண்ட், இப்படி. பாத்திரத்தின் முன்கதையான பேக்கிரவுண்ட் அங்கே 16, இங்கே 4. முந்தைய எஸ்ஆர்டியான 5.1 இன்னும் கஞ்சம், ஒரே ஒரு பேக்கிரவுண்ட், ஒரே ஒரு ஃபீட் (கூடுதல் திறமை), அதுவும் மல்யுத்தம் பிடிப்பதற்கான கிராப்ளர். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேஸர் பீஸ்ட், கித்யாங்கி மாதிரி இந்த ஆட்டத்துக்கே அடையாளமாகிப்போன உருவங்களுக்கு ஸ்டாட் பிளாக் (அரக்கனின் பலத்தை எண்களில் தருகிற குறிப்பு) கிடையாது. மந்திரங்களில் பெரிய மந்திரவாதிகளின் பெயரை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் மெல்ஃபின் ஆசிட் ஆரோ, இங்கே வெறும் ஆசிட் ஆரோ. டாஷாவின் ஹிடியஸ் லாஃப்டர் இங்கே யாருடையதும் இல்லாத சிரிப்பு. என்ன சேதம் விளையும், எத்தனை அடி தூரம், எவ்வளவு நேரம் என்கிற விதிப்பகுதி ஒன்றும் குறையவில்லை. எது விதி, எது தங்கள் சொத்து என்று அந்த நிறுவனம் எங்கே கோடு கிழிக்கிறது என்பதை இந்தப் பெயர்ச் சுரண்டலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவுல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர், புலெட் என்கிற அரக்க உருவங்கள் மூன்றும் எஸ்ஆர்டியில் தாராளமாக இருக்கின்றன. எழுபதுகளில், ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் வாங்கிய மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உருவானவை அவை. அதே எழுபதுகளில் அந்த ஆட்டத்தில் ஹாபிட், எண்ட், பால்ராக் என்ற பெயர்களே அப்படியே இருந்தன, டோல்கீன் கதைகளின் உரிமை வைத்திருந்தவர்கள் கண்ணை உருட்டியதும் ஹாஃப்லிங், ட்ரீயண்ட், பேலர் என்று மாறின. அப்படி அடுத்தவர் வீட்டிலிருந்து எடுத்துக் கட்டிய ஆட்டம்தான் இன்று பிஹோல்டரை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறது. குறை சொல்லவில்லை, எல்லோருடைய வழக்கமும் இதுதான்.

விதி வடிவமைப்பாளருக்கு என்னைப் பொறுத்தவரை பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அரக்கர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், ஒரு அரக்கனை எப்படி உருவாக்குவது என்கிற முறை இல்லை. சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கனின் கடுமையைச் சொல்கிற எண்) 5 என்றால் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்கிற எண்) எவ்வளவு, ஒரு சுற்றில் சேதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இருக்கிற அரக்கர்களை வரிசையாக அடுக்கி வைத்துக் கணக்குப் போட்டு நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். சப்கிளாஸும் அப்படியே. ஃபைட்டருக்கு 3, 7, 10, 15, 18 ஆகிய லெவல்களில் சப்கிளாஸ் சக்திகள் வரும் என்பது சாம்பியனைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு 7ஆம் லெவல் சக்தி எவ்வளவு பலமாக இருக்கலாம் என்று எப்படித் தீர்மானிப்பது? அதிலும் சாம்பியன் எல்லாவற்றிலும் எளிமையானது, மந்திரம் கலந்த ஒரு ஃபைட்டரை எழுதப்போகிறவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. ஐந்தாம் பதிப்பின் பழைய எஸ்ஆர்டியை வைத்துச் செய்த சொலாஸ்டா என்ற கணினி விளையாட்டில் பாதி சப்கிளாஸ் பெயர்கள் எங்குமே கேள்விப்படாதவையாக இருப்பதற்கு இந்தப் பற்றாக்குறைதான் காரணம். இருக்கிறதை வைத்துக்கொண்டு மீதியை அவர்களே இட்டு நிரப்பினார்கள், நன்றாகவும் நிரப்பினார்கள்.

சரி, உரிமத்துக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை, வக்கீல் வேண்டிய இடத்தில் வக்கீலைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அடிப்படை ஒன்று தெரியாமல் இந்தப் பொருளை எடை போடவே முடியாது: விளையாட்டின் விதிக்குப் பதிப்புரிமை கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879இல் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில், கணக்கு எழுதும் ஒரு முறையைப் புத்தகமாகப் போட்டால் புத்தகத்துக்குத்தான் உரிமை, அந்த முறைக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102(பி) பிரிவு அதையே எழுதி வைத்திருக்கிறது. இந்தியாவில் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே தடத்தில்தான், கருத்துக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. பல்லாங்குழியை யார் வேண்டுமானாலும் ஆடலாம், குழியைக் கூட்டிக் குறைத்துப் புது ஆட்டமாக விற்கலாம், ஆனால் பல்லாங்குழி பற்றி நான் எழுதிய புத்தகத்தின் பத்திகளை அப்படியே எடுத்துப்போட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று 2016இல் இன்னும் நெருங்கி வந்தது. பேங் என்கிற சீட்டாட்டத்தின் விதிகளை வேறு கதைக்களத்தில் அப்படியே எடுத்துக்கொண்ட இன்னொரு ஆட்டத்தின் மேல் போட்ட வழக்கு, விதிகள் எவ்வளவு ஒத்திருந்தாலும் அது திருட்டாகாது என்று முடிந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு ரொம்பக் குதிக்கவும் வேண்டாம், 2012இல் டெட்ரிஸ் வழக்கில் கட்டைகளின் தோற்றம், விழும் விதம் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்தவர்கள் தோற்றார்கள். இருபது முகப் பகடையை உருட்டி, கூட்டி, ஒரு எண்ணைத் தாண்டினால் வெற்றி என்பது யாருடைய சொத்தும் இல்லை. அதை விளக்குகிற வாக்கியம், அரக்கனின் வர்ணனை, மந்திரங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கிய வரிசை, இவையெல்லாம் சொத்தாக இருக்கலாம். நடுவில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது, அதில் கோடு எங்கே என்று நீதிமன்றத்துக்குப் போனால்தான் தெரியும், போகிற செலவில் நம்மைப் போன்றவர்கள் பத்து புத்தகம் அச்சடித்துவிடலாம்.

ஆகவே இந்த மாதிரி உரிமத்தில் நமக்குக் கிடைப்பது விதியைப் பயன்படுத்தும் அனுமதி இல்லை, அது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. கிடைப்பது இரண்டு. அவர்கள் எழுதிய வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று, அந்தச் சதுப்பு நிலத்தில் நடக்கும்போது வழக்கு வராது என்கிற நிம்மதி இன்னொன்று. அந்த நிம்மதிக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதில்தான் உரிமத்துக்கு உரிமம் வித்தியாசம்.

இதற்கு முன்பிருந்த உரிமமான பழைய ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசென்ஸ்) கேட்ட விலை கொஞ்சம் அதிகம், ஆனால் அதைப் பல பேர் கவனிக்கவில்லை. விஸார்ட்ஸ் 1997இல், ஆட்டத்தை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தை வாங்கியது, 1999இல் விஸார்ட்ஸையே பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது, 2000இல் மூன்றாம் பதிப்போடு விஸார்ட்ஸில் இருந்த ரயன் டான்சியின் முயற்சியில் இந்த உரிமம் வந்தது. திறந்த மூல மென்பொருள் உலகத்தைப் பார்த்து எடுத்த யோசனை. நிரந்தரமானது, உலகம் முழுவதற்கும் செல்லும், ராயல்டி இல்லை என்றெல்லாம் நான்காம் பிரிவில் அழகாக எழுதியிருந்தது. ஏழாம் பிரிவில்தான் விஷயம் இருந்தது. அவர்களுடைய தனிச்சொத்து என்று அறிவித்ததைத் தொட மாட்டேன், அவர்களுடைய டிரேட்மார்க்கோடு என் பொருள் பொருந்தும் என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். உரிமமே இல்லாமல் வெளியிடுகிற ஒருவர் "இந்த ஆட்டத்தோடு பயன்படுத்தலாம்" என்று உண்மையைச் சொல்ல அமெரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உரிமம் வாங்கியவருக்கு அந்த வாய் அடைபட்டது. அதனால்தான் அந்தக் காலத்துப் புத்தக அட்டைகளில் "உலகிலேயே மிகப் பிரபலமான ரோல்பிளேயிங் கேமுக்காக" என்று மாமியார் பெயரைச் சொல்லக் கூடாத மருமகள் கணக்காகச் சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள்.

பதினைந்தாம் பிரிவு இன்னொரு தலைவலி. யாரிடமிருந்து எடுத்தாயோ அவர் பெயர், அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ அவர் பெயர் என்று பரம்பரைப் பட்டியலே போட வேண்டும், பொடி எழுத்தில் அரைப் பக்கம் ஓடும். இவ்வளவு இருந்தும் அந்த உரிமம் பெரிய காரியங்களைச் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2006இல் ஓஸ்ரிக் என்று ஒன்று வந்தது, மூன்றாம் பதிப்பின் எஸ்ஆர்டியிலிருந்து சொற்களை எடுத்து, எழுபதுகளின் பழைய விதிகளைப் புது வாக்கியங்களில் திரும்ப எழுதிவிட்டார்கள். விதிக்கு உரிமை இல்லை, சொற்களுக்கு உரிமம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் அச்சில் இல்லாத ஆட்டம் உயிர்த்து வருகிறது. இந்தத் துறையில் நான் பார்த்த புத்திசாலித்தனமான வேலைகளில் அது ஒன்று. 2008இல் நான்காம் பதிப்புக்கு இறுக்கமான வேறு உரிமம் போட்டபோது பைஸோ நிறுவனம் பழைய ஓஜிஎல்லையே பிடித்துக்கொண்டு 2009இல் பாத்ஃபைண்டர் என்கிற தன் ஆட்டத்தை இறக்கி நேரடிப் போட்டியாளராகவே ஆனது.

2023 ஜனவரி கதை பலருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஓஜிஎல் 1.1 என்ற வரைவு கசிந்தது. ஆண்டுக்கு 750,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால் மேலே உள்ள தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி, 50,000 டாலர் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும், நீங்கள் எழுதியதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் மேலே பழைய ஓஜிஎல்லான 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்ட உரிமம் இல்லை. பழைய உரிமத்தில் "நிரந்தரமானது" என்று இருந்ததே தவிர "திரும்பப் பெற முடியாதது" என்ற சொல் இல்லை, ஒன்பதாம் பிரிவில் "அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும்" பயன்படுத்தலாம் என்று இருந்தது. இத்தனை வருடம் யாரும் சீந்தாத அந்த "அங்கீகரிக்கப்பட்ட" என்கிற ஒரே சொல்லில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பிடிக்காத மாற்றம் வந்தால் பழைய பதிப்பையே தொடரலாம் என்று அதே நிறுவனம் தன் கேள்வி பதில் பகுதியில் முன்பு எழுதி வைத்திருந்தது வேறு கதை. அந்த நிறுவனத்தின் இணையச் சேவைச் சந்தாவை ரத்து செய்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள், 1.2 என்று ஒரு திருத்தம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள், பதில் சொன்ன 15,000 பேருக்கு மேற்பட்டவர்களில் 88 சதவீதம் பேர் இதன் கீழ் வெளியிட மாட்டோம் என்றார்கள். ஜனவரி 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, 5.1 எஸ்ஆர்டி முழுவதையும் சிசி-பை 4.0இல் போட்டுவிட்டது.

அந்தத் தொண்ணூற்றைந்து மார்க் இதற்குத்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை எழுதியது விஸார்ட்ஸ் இல்லை, அதைத் திருத்துகிற அதிகாரம் விஸார்ட்ஸுக்கு இல்லை. திரும்பப் பெற முடியாதது என்று நேராகவே எழுதியிருக்கிறது. நாளைக்கு 5.3 என்று ஒன்றைப் படுமோசமான நிபந்தனையோடு போட்டாலும் 5.2.1ஐ எடுத்தவர் எடுத்ததுதான். உரிமம் இல்லாமலே சட்டப்படி செய்யக்கூடியதை இந்த உரிமம் எந்த விதத்திலும் குறைக்காது என்று எட்டாம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது, ஓஜிஎல் வாயை அடைத்தது போல இது அடைக்கவில்லை. தவறிப்போய் நிபந்தனையை மீறினால் உரிமம் தானாக முடிந்துவிடும், ஆனால் மீறியது தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் தானாகத் திரும்பிவிடும். விற்கலாம், மாற்றலாம், கணினி விளையாட்டாகச் செய்யலாம், உங்கள் பங்கை மூடிவைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

பதிலுக்கு அவர்கள் கொடுத்திருக்கிற ஒரு பத்தி ஒப்புகையை வைக்க வேண்டும், அதற்கு மேல் தங்கள் பெயரை எங்கும் போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். "ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்" அல்லது "5இ பொருத்தமானது" என்று போட்டுக்கொள்ளலாம் என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். இது போதும். டிரேட்மார்க்கை இந்த உரிமம் தருவதில்லை, ஆட்டத்தின் பெயரும் சின்னமும் அவர்களுடையது, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்கிற கதை உலகமும் அவர்களுடையது. மீதி ஐந்து மார்க்கை ஏன் குறைத்தேன் என்றால், புத்தகத்தில் இருக்கிற எது எஸ்ஆர்டியில் இல்லை என்பதை நாமே இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. ஹேண்ட்புக் மட்டும் வைத்து விளையாடிப் பழகியவர் ஆசிமார் என்று ஒரு ஸ்பீஷீஸ் இருக்கிறதே என்று இயல்பாக எழுதிவிடுவார், அது எஸ்ஆர்டியில் இல்லை.

பிஹோல்டர் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்கிறவர்களுக்கு டிஎம்ஸ் கில்ட் என்கிற இணையக் கடை இருக்கிறது. அங்கே ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தையும் அந்த அரக்கர்களையும் பயன்படுத்தி எழுதலாம், விற்பனையில் பாதிதான் எழுதியவருக்கு, அங்கே போட்டதை வேறெங்கும் விற்க முடியாது. ஒரு சின்ன சாகசக் கதை எழுதிப் பார்க்கிறவருக்கு அது மோசமில்லை. சொந்தமாக ஒரு ஆட்டம் வேண்டும் என்கிறவர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பேன்.

2023 கலவரத்தில் பைஸோ முன்னின்று உருவாக்கிய ஆர்க் உரிமத்தையும் இங்கே ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அதன் குணம் நேர் எதிர். அதில் வெளியிட்டால் உங்கள் விதிகள் தானாகவே மற்றவர்களுக்குத் திறந்துவிடும், கதை, பாத்திரம், உலகம், படம் போன்றவை உங்களிடமே இருக்கும். விதியில் ஒரு பகுதியை மட்டும் எனக்கு என்று ஒதுக்கிவைக்க முடியாது. ஊருக்கு நல்லது என்று பார்த்தால் இதுதான் சரி, சிசி-பையில் எடுக்கிறவர் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அவர் கண்டுபிடித்த நல்ல விதி பொதுவுக்குத் திரும்பி வருவதே இல்லை. ஆனால் நான் ஆர்க்கைப் படித்தபோது ஒரு மந்திரத்தின் பெயர் விதியா, கதையா என்கிற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது, சிசி-பையில் அந்தக் கேள்வியே எழாது. காஸியம் நிறுவனம் தன் பேசிக் ரோல்பிளேயிங் என்கிற விதித்தொகுப்பை 2023இல் ஆர்க்கில் போட்டது. சதவீதப் பகடை பிடித்தவர்கள் அதைப் பாருங்கள்.

பைஸோவின் ரீமாஸ்டர்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பாடம். 2023 நவம்பரிலிருந்து பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பைத் திரும்ப எழுதி வெளியிட்டார்கள், ஓஜிஎல் வாசனையே இருக்கக் கூடாது என்பதுதான் திட்டம். ஒன்பது கட்ட அலைன்மெண்ட் (பாத்திரம் நல்லவரா கெட்டவரா என்கிற அடையாளம்) போனது, எட்டு மந்திரப் பள்ளிகள் போயின, மேஜிக் மிஸைல் என்பது ஃபோர்ஸ் பராஜ் ஆனது, சிவப்பு, நீலம் என்று நிறவாரியாக இருந்த டிராகன்கள் போய் மந்திர மரபுகளை ஒட்டிய புது டிராகன்கள் வந்தன. 3 முதல் 18 வரை எண் எழுதி அதிலிருந்து இன்னொரு எண்ணைக் கணக்கிடுகிற சடங்கையும் இந்தச் சாக்கில் தூக்கிவிட்டு நேராகக் கூட்டல் எண்ணை மட்டும் வைத்தார்கள். இதில் பாதி, வழக்கு பயம் இல்லாவிட்டால் இன்னும் இருபது வருடம் பழக்கதோஷத்தில் ஓடியிருக்கும். நல்லவன், கெட்டவன், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று தாளில் எழுதி வைப்பது ஆட்டத்தில் என்ன வேலை செய்தது என்று யோசிக்க ஒரு நெருக்கடி தேவைப்பட்டது.

இதிலிருந்துதான் எஸ்ஆர்டிக்கு நான் ஏன் ஐம்பது மார்க் மட்டும் தருகிறேன் என்பதும் வருகிறது. இலவசமாகவும் பயமில்லாமலும் கிடைக்கிற ஒரே காரணத்துக்காக எல்லோரும் இந்த அச்சிலேயே வார்க்கிறார்கள். 2000க்குப் பிறகு வந்த டி20 (இருபது முகப் பகடை விதிகள்) அலையில் இது ஒருமுறை நடந்து முடிந்தது. கௌபாய் பேய்க்கதை, விண்வெளி வியாபாரம், எதுவானாலும் கிளாஸ், லெவல், ஹிட் பாயிண்ட் மாட்டி டி20 பதிப்பு ஒன்று வந்தது. 2002இல் கால் ஆஃப் கத்துலு என்கிற திகில் ஆட்டத்துக்கே அப்படி ஒன்று வந்தது. அந்த ஆட்டத்தின் உயிரே மனிதன் கடைசிவரை பலவீனமாக இருப்பதுதான், லெவல் ஏற ஏற ஹிட் பாயிண்ட் கூடுகிற விதியைக் கொண்டுபோய் அதில் வைத்தால் பயம் எங்கிருந்து வரும்? சட்டம் யாரையும் தடுக்கவில்லை, சட்டப்படி எளிதான வழி எதுவோ அந்தப் பக்கம் வடிவமைப்பு சரிந்தது. இப்போது சிசி-பை வந்தபிறகு அந்தச் சரிவு இன்னும் வழுக்குகிறது.

உங்கள் ஆட்டத்துக்கு டி20யும் கவசத் தரமும் இருபது லெவலும் நிஜமாகவே வேண்டுமா என்பதை எஸ்ஆர்டியைத் திறப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேறு கடைகள் நிறைய உண்டு. பிளேட்ஸ் இன் தி டார்க் தன் விதிகளை சிசி-பை 3.0இல் கொடுத்திருக்கிறது, திருட்டு, கும்பல், அழுத்தம் என்று ஒரு குழுவின் கதையை நகர்த்துவதற்கு அதைவிடக் கூர்மையான பொருள் இலவசத்தில் இல்லை. ஃபேட் 2013லிருந்தே சிசி-பையில் இருக்கிறது. கெய்ர்ன் சில பக்கங்களில் முடிந்துவிடும், ஆனால் அது பகிர்ந்தே ஆக வேண்டும் என்கிற வகை, நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் போட வேண்டும், விற்பனைக்கு எழுதுகிறவர்கள் அதைக் கவனியுங்கள். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டைப் பின்பற்றி எழுதுகிறவர்களுக்கு அதன் ஆசிரியர்கள் சொல்வது இன்னும் எளிது, விதிகளுக்கு எங்கள் அனுமதியே தேவையில்லை, எங்கள் வாக்கியத்தை எடுத்தால் மட்டும் கேளுங்கள். மேலே சொன்ன 1879 தீர்ப்பை ஒரு வரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது மாதிரி இருக்கிறது.

எஸ்ஆர்டியே போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு, குறிப்பாகத் தமிழில் செய்ய நினைப்பவர்களுக்கு, இன்னொரு விஷயம். அதிகாரபூர்வமாக இது பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் இருக்கிறது. தமிழில் அவர்கள் செய்யப்போவதில்லை, நாம் செய்வதற்கு அவர்களைக் கேட்கவும் வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பும் இந்த உரிமம் தருகிற திருத்த உரிமைக்குள் வந்துவிடுகிறது. மொத்தமாகச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. முதல் ஐந்து லெவல், நான்கு கிளாஸ், ஐம்பது மந்திரம், முப்பது அரக்கர் என்று வெட்டி நூறு பக்கத்தில் ஒரு தொடக்கப் புத்தகம் போட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட எடுத்து விளையாடுவார்கள், அதை விலை வைத்து விற்கவும் தடையில்லை. ஒப்புகைப் பத்தியை அவர்கள் கொடுத்தபடி ஆங்கிலத்திலேயே வைத்துவிட்டு, கீழே இது தமிழாக்கம், இன்னின்ன பகுதிகள் மாற்றப்பட்டுள்ளன என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், மாற்றியதைச் சொல்வது சிசி-பையின் நிபந்தனை. விஸார்ட்ஸ் நிறுவனமே ஒப்புதல் கொடுத்தது போலத் தோன்றுகிற எதுவும் கூடாது. அட்டையில் "5இ விதிகளோடு பொருந்தும்" என்று போட்டுக்கொள்ளுங்கள், டிராகன் மாதிரி வளைந்திருக்கிற அந்த "அண்ட்" சின்னத்தை மட்டும் உங்கள் ஓவியரிடம் வரையச் சொல்லாதீர்கள்.